ஒன்பதாம் கிரேடா, மெட்ரிக்கா, பர்சரியா? சங்கத்தின் கல்விப் பணத்தை எங்கே போடுவது

ஜனவரியில் மெட்ரிக் (12ஆம் கிரேடு இறுதித் தேர்வு) முடிவுகள் வந்த மறுவாரமே சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரபேங்க், வெருலம், டோங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள கோயில் சங்கங்களுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கும். பிள்ளைக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்துவிட்டது, பதிவுப் பணம் கட்ட வழியில்லை. காவடி ஏற்பாடுகளுக்கு நடுவே செயற்குழு கூடி ஒரு தொகையை ஒதுக்கும். அது நல்ல காரியம். ஆனால் அதே தெருவில், அதே அளவு மூளையுள்ள இன்னொரு பிள்ளை அந்தக் கடிதத்தை எழுதும் நிலைக்கே வந்திருக்காது. மூன்று ஆண்டுக்கு முன்பே அவளை மேத்ஸ் லிட் (கணிதத்துக்குப் பதிலாக எடுக்கும், அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் எளிய பாடம்) வகுப்பில் உட்கார வைத்திருப்பார்கள். அவளிடமிருந்து எந்தக் கடிதமும் வராது.

ஒரு சங்கத்திடம் ஆண்டுக்கு 1,80,000 ராண்ட் கல்விக்கென்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளில் திறமையுள்ளவர்களை அறிவியலுக்கும் பொறியியலுக்கும் கொண்டுபோவதுதான் நோக்கம். பொதுவாகக் கூட்டத்தில் பேசப்படும் வழிகள் ஐந்து: பல்கலைக்கழக பர்சரி (படிப்புச் செலவுக்கான உதவித்தொகை), மெட்ரிக் பிள்ளைகளுக்கு டியூஷன், 8, 9ஆம் கிரேடு பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைக் கணிதம், ரோபோட்டிக்ஸ் அல்லது அறிவியல் மன்றம், விண்ணப்ப உதவி மேசை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணத்தில் பாதிக்கு மேல் 8, 9ஆம் கிரேடுக்குப் போக வேண்டும். மிச்சத்தில் பெரும்பகுதி பர்சரி என்ற பெயரில் இல்லாமல், இடைவெளியை அடைக்கும் சிறு உதவிகளாகப் போக வேண்டும்.

கதவு எப்போது மூடுகிறது

9ஆம் கிரேடு மூன்றாம் பருவத்தில், கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றும் நாட்களை ஒட்டி, பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வரும். 10ஆம் கிரேடிலிருந்து கணிதமா, மேத்ஸ் லிட்டா என்பதை அதில் குறிக்க வேண்டும். இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த பிசிக்கல் சயின்ஸ் எடுப்பதா வேண்டாமா என்பதும் அங்கேயே முடிவாகும். கணிதத்திலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு இறங்குவது எளிது. திரும்பி ஏறுவது நடைமுறையில் நடப்பதில்லை. ஒரு பருவம் தவறினாலே இயற்கணிதத்திலும் சார்புகளிலும் போன பாடத்தை மீட்பது கடினம்.

இதில் பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மேத்ஸ் லிட் எடுத்தாலும் மெட்ரிக்கில் 'பேச்சலர்ஸ் பாஸ்', அதாவது பட்டப்படிப்புக்குத் தகுதி தரும் தேர்ச்சி, வாங்கலாம். பள்ளியும் அதைத்தான் சொல்லும், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தத் தேர்ச்சியை வைத்துக்கொண்டு பொறியியல் பட்டத்துக்கோ இயற்பியல், வேதியியல் பட்டத்துக்கோ போக முடியாது. குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்தில் பொறியியல் படிக்கக் கணிதத்திலும் பிசிக்கல் சயின்ஸிலும் பொதுவாக 6ஆம் நிலை வேண்டும். அதாவது 70 சதவீதத்துக்கு மேல். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிப்ளோமாக்களுக்கு அதைவிடக் குறைவாகக் கேட்பார்கள், ஆனாலும் கணிதம்தான் வேண்டும். தொழில்நுட்பப் பள்ளிகளில் உள்ள டெக்னிக்கல் மேத்தமேட்டிக்ஸை எல்லாத் துறைகளும் ஏற்பதில்லை. அதை எடுக்கும் முன் சேர விரும்பும் துறையிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

பள்ளிகள் ஏன் பிள்ளைகளை மேத்ஸ் லிட் பக்கம் தள்ளுகின்றன? மெட்ரிக் தேர்ச்சி விகிதத்தை வைத்துத்தான் பள்ளியை எடைபோடுகிறார்கள். 9ஆம் கிரேடில் 45 வாங்கிய பிள்ளை கணிதத்தில் தவறினால் அது பள்ளியின் கணக்கில் ஏறும். மேத்ஸ் லிட்டில் தேறினால் யாருக்கும் தொல்லையில்லை. அந்த 45க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. பெரும்பாலும் இருப்பது இரண்டே ஓட்டைகள்: பின்னங்கள், எதிர்மறை எண்கள்.

8, 9ஆம் கிரேடு சனிக்கிழமை வகுப்பு

இந்த வழியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சரியாக நடத்தினால் பலன் மிக அதிகம். அரைகுறையாக நடத்தினால் ஈஸ்டருக்குள் ஹால் காலியாகிவிடும்.

முதலில் தேர்வு. பள்ளி ரிப்போர்ட்டை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். பள்ளிக்குப் பள்ளி மதிப்பெண் இடும் கை வேறு. 40 நிமிடம், 20 கேள்வி, கால்குலேட்டர் இல்லாத ஒரு தாளை நீங்களே வையுங்கள். பாதிக் கேள்விகள் அடிப்படை: முக்காலில் ஐந்தில் இரண்டு போனால் எவ்வளவு, −7 − (−3) எவ்வளவு. மறுபாதி பள்ளியில் சொல்லித்தராதவை: தீக்குச்சிகளால் ஒரு சதுரம் செய்ய 4 குச்சி, ஒட்டினாற்போல் இரண்டு சதுரத்துக்கு 7, ஐம்பது சதுரத்துக்கு எத்தனை? விடை 151. பின்னக் கணக்கில் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியாகக் கழித்துத் தவறிய ஒரு பிள்ளை, குச்சிக் கணக்கில் 151 எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்குக் குறைவது சொல்லித்தரப்படாத ஒரு பாடம் மட்டுமே. மூன்று சனிக்கிழமை கழித்து அதே தரத்தில் இன்னொரு தாள் வைத்து, யார் எவ்வளவு ஏறினார்கள் என்று பாருங்கள். முதல் மதிப்பெண்ணைவிட அந்த ஏற்றம் அதிகம் சொல்லும்.

யாரைச் சேர்ப்பது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு காலத்தில் நட்டாலில் அரசு ஒரு பவுண்டு கொடுக்க, கரும்புத் தோட்டத்திலிருந்து வெளியே வந்த நம் மக்கள் தங்கள் பவுண்டைச் சேர்த்து அரசு உதவிப் பள்ளிகளைக் கட்டினார்கள். 1890இல் ஒப்பந்தக் கூலியாக வந்த எம்.எல். சுல்தான் கொடுத்த பணத்தில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி, 2002இன் இணைப்புக்குப் பிறகு இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. இன்று சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பள்ளிகளில் உம்லாஸி, வெல்பெடாக்ட், இனாண்டா, குவாமாஷுவிலிருந்து வரும் பிள்ளைகளும் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பு அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். இது நியாயம் என்பதோடு, கம்பெனிகளிடம் நன்கொடை கேட்கும்போது கைகொடுக்கும் விஷயமும்கூட.

அளவு: 8ஆம் கிரேடில் 20 பேர், 9ஆம் கிரேடில் 20 பேர். சிலர் நின்றுவிடுவார்கள் என்பதால் தொடக்கத்தில் 24, 24 என்று சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 32 சனிக்கிழமை, காலை 8.30 முதல் 11.45 வரை, நடுவில் கால் மணி ஓய்வு. அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் தலைமை, பல்கலைக்கழக மாணவர் இருவர் உதவி. மாணவர்களை மட்டும் நம்பினால் மே, ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் தங்கள் தேர்வு வந்ததும் காணாமல் போவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் தலைமையில் இருந்தால் வகுப்பு தடையின்றி ஓடும். சம்பளத்தை மாதக் கடைசியில் தவறாமல் கொடுங்கள். சேவைதானே என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் மூன்றாம் மாதம் ஆள் இருக்காது.

பாட வரிசை இப்படி இருந்தால் நன்றாகப் பொருந்துகிறது: முழு எண்களும் பின்னங்களும் 6 வாரம், இயற்கணிதக் கோவைகள் 8 வாரம், சமன்பாடுகள் 6, நேர்கோட்டு வரைபடங்கள் 5, வடிவியல் 7. பின்னத்துக்கு 6 வாரமா என்று கேட்பார்கள். ஆம், வேண்டும். 10ஆம் கிரேடில் இயற்கணிதப் பின்னம் வரும்போது உடைவது புதுப்பாடம் இல்லை, இந்தப் பழைய ஓட்டைதான். (x+3)² என்பதை x²+9 என்று எழுதும் பிள்ளைக்குச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. x+3 பக்கமுள்ள சதுரத்தை வரையச் சொல்லி, விடுபட்ட இரண்டு 3x செவ்வகங்களை அவள் கையாலேயே நிழலிடச் செய்யுங்கள்.

வடிவியலுக்கு 7 வாரம் ஒதுக்குவதற்கும் காரணம் உண்டு. 2008 முதல் 2013 வரை யூக்ளிட் வடிவியல் மெட்ரிக்கில் விருப்பத் தாளாக, மூன்றாம் தாளாக இருந்தது. 2014இல்தான் கட்டாயத் தாளுக்குத் திரும்பியது. அந்த இடைவெளியில் பள்ளி முடித்து ஆசிரியரானவர்களில் பலருக்கு அது கைவராத பாடம். இன்று மெட்ரிக் இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் திரிகோணமிதியும் வடிவியலும் சேர்ந்து 90. நிறுவல் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதும் பழக்கத்தை 8ஆம் கிரேடிலேயே தொடங்க வேண்டும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடைசி ஒரு மணி நேரம் கணிதத்தை மூடிவைத்துவிட்டு மின்சுற்று. 1.5 வோல்ட் செல் மூன்று, 47 ஓம் மின்தடை, கம்பி, சுவிட்ச், மலிவான மல்டிமீட்டர் ஒன்று. இது நான்கு பேர் கொண்ட குழுவுக்கு. 4.5 வோல்டில் 47 ஓம் வைத்தால் சுமார் 96 மில்லியாம்பியர் ஓடும். மீட்டரின் 200 மில்லியாம்பியர் அளவுக்குள் அடங்கும். 10 ஓம் வைத்தால் 450 மில்லியாம்பியர், உள்ளே ஃபியூஸ் போய்விடும். அதைவிட அதிகம் நடப்பது, மின்னோட்ட அளவில் வைத்த மீட்டரைப் பிள்ளைகள் செல்லின் இரு முனைக்கும் நேராக இணைப்பது. அப்போதும் ஃபியூஸ்தான் போகும். மாற்று ஃபியூஸ் பத்து வாங்கிவையுங்கள். ஃபியூஸ் ஏன் போனது என்று கேட்டு அரை மணி நேரம் பேசுங்கள். அம்மீட்டரை ஏன் தொடரில் இணைக்க வேண்டும் என்பது அன்று பதிந்தால் மெட்ரிக் வரை மறக்காது.

பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள்? பாடம் கடினம் என்பதால் நிற்பவர்கள் குறைவு. மாதக் கடைசியில் டாக்சிக் காசு இல்லை. சனிக்கிழமை அம்மா கடை வேலைக்குப் போவதால் தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும். இது பெண்பிள்ளைகளைத்தான் அடிக்கிறது. காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள். அல்லது அதே நேரத்தில் தமிழ் வகுப்பு. நான்குக்கும் வழி உண்டு. டாக்சிக் காசை வாரா வாரம் கையில் கொடுங்கள், மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். தம்பி தங்கையைக் கூட்டிவரலாம் என்று முதல் நாளே சொல்லி, ஹாலின் ஒரு மூலையில் பாயும் படம் வரையும் தாளும் போடுங்கள். வகுப்பு தொடங்கும் முன் ரொட்டியும் பீன்ஸ் கறியும். தமிழ் வகுப்பைக் கணித வகுப்புக்குப் பின் 12 மணிக்கு வையுங்கள். அங்கேயும் வருகை கூடும்.

செலவை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியருக்கு மணிக்கு 300 ராண்ட், 96 மணி: 28,800. உதவியாளர் இருவருக்கு மணிக்கு 150 வீதம்: 28,800. சாப்பாடு 40 பேருக்கு 15 ராண்ட் வீதம்: 19,200. டாக்சிக் காசு 15 பேருக்கு 40 ராண்ட் வீதம்: 19,200. பயிற்சித் தாள் அச்சிட 10,000. இரவல் கொடுக்கக் கால்குலேட்டரும் மின்சுற்றுச் சாமானும் 3,000. மொத்தம் 1,09,000 ராண்ட், பிள்ளைக்கு 2,725. கால்குலேட்டர் எல்லாம் ஒரே மாடலாக இருக்கட்டும், பள்ளிகளில் பழகிய கேசியோ எஃப்எக்ஸ்-82இசட்ஏ போல. இல்லாவிட்டால் பாதி நேரம் எந்தப் பொத்தான் எங்கே என்று தேடுவதிலேயே போகும். பாடப்புத்தகத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். 10 முதல் 12ஆம் கிரேடு வரை கணிதத்துக்கும் பிசிக்கல் சயின்ஸுக்கும் சியாவுலா என்ற கல்வி நிறுவனம் இலவசமாகவே நூல்கள் வைத்திருக்கிறது. 9ஆம் கிரேடில் வேகமாக ஓடும் பிள்ளைகளுக்கு அதன் 10ஆம் கிரேடு நூலைக் கொடுக்கலாம்.

பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், அவர் கோயில் தலைவரின் சொந்தக்காரரே ஆனாலும், குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்று வாங்கிய பிறகே உள்ளே விடுங்கள். சான்று கைக்கு வர நாளாகும். ஜனவரி வகுப்புக்கு முந்தைய ஆண்டே விண்ணப்பித்துவிட வேண்டும்.

இந்த வழியின் பெரிய குறை ஒன்றுதான்: பலன் தெரியத் தாமதமாகும். 2026இல் 8ஆம் கிரேடில் சேர்ந்த பிள்ளை 2030இல்தான் மெட்ரிக் எழுதுவாள். அதற்குள் செயற்குழு இரண்டு முறையாவது மாறியிருக்கும். புதுத் தலைவர் வந்து, இதனால் என்ன கண்டோம், படம் போட்டு பர்சரி கொடுக்கலாமே என்பார். வகுப்புகள் பெரும்பாலும் சாகும் இடம் அதுதான். தொடங்கும் போதே ஐந்தாண்டுக்குப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிடுங்கள்.

மெட்ரிக் டியூஷன்

இதற்குத்தான் கூட்டத்தில் கைதட்டல் அதிகம். பெற்றோர் கேட்பதும் இதையே. 58 வாங்கும் பிள்ளையை 68க்குக் கொண்டுபோக இது உதவும், சந்தேகமில்லை. மெட்ரிக் கணிதத் தாளில் நேரடி அறிவுக் கேள்விகள் 20 சதவீதம், வழக்கமான செய்முறை 35 சதவீதம், சிக்கலான செய்முறை 30, புதுச் சிக்கல் தீர்த்தல் 15. முதல் இரண்டையும் பழைய தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டே பிடித்துவிடலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து 55 சதவீதம்தான். பொறியியலுக்குத் தேவைப்படும் 70 மூன்றாம் வகைக் கேள்விகளுக்குள் இருக்கிறது. அங்கே பத்து வாரப் பயிற்சியால் ஏற முடியாது. 38 வாங்கும் பிள்ளையை 70க்கு ஏற்றுவதாகச் சொல்லும் வகுப்பை நம்பாதீர்கள்.

இன்னொன்று, மாகாணக் கல்வித் துறையே குளிர்கால விடுமுறையிலும் வசந்த விடுமுறையிலும் மெட்ரிக் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறது. பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் துறையின் தளத்தில் இலவசம். நீங்கள் போடும் பணம் ஏற்கெனவே உள்ளதன் மேல்தான் போய்ச் சேரும். உயர்நிலையில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் 11ஆம் கிரேடில் செய்யுங்கள். பல்கலைக்கழகங்கள் தற்காலிக இடம் கொடுக்கும்போது பார்ப்பது 11ஆம் கிரேடு இறுதி மதிப்பெண்ணைத்தான். மெட்ரிக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று 11இல் கை தளர்ந்த பிள்ளை, பிப்ரவரியில் நல்ல முடிவோடு வந்தும் இடமில்லாமல் நிற்பான்.

பர்சரி

கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் சேர்த்தால் பொறியியலுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ராண்டைத் தாண்டும், நான்காண்டுப் படிப்பு. 1,80,000 ராண்டில் முழு பர்சரி என்றால் ஒரே பிள்ளைக்குத்தான். அடுத்த மூன்றாண்டும் அவளுக்கே கொடுத்தாக வேண்டும். அவள் ஒரு ஆண்டு தவறினால் ஐந்தாம் ஆண்டும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் 2018 முதல் அரசின் என்எஸ்ஃபாஸ் என்ற மாணவர் நிதி உதவித் திட்டம் படிப்புச் செலவை ஏற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 6,00,000. ஆகவே மிக ஏழைப் பிள்ளைக்குச் சங்கம் முழு பர்சரி கொடுப்பது அரசின் சுமையைச் சங்கம் சுமப்பதுபோல. சில வேளை அரசு உதவியிலிருந்து அந்தத் தொகையைக் கழித்தும்விடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு உண்மையில் வேண்டியது வேறு. பிப்ரவரியில் வகுப்பு தொடங்கிப் படித்தொகை கைக்கு வரும் வரை ஆறு, எட்டு வாரச் சாப்பாடும் டாக்சியும். ஒரு மடிக்கணினி. வரைபடப் பலகை, ஆய்வகக் கோட்டு. 3,000 ராண்ட் இல்லாமல் மார்ச்சில் வீடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. மதிப்பெண் குறைந்து திரும்புகிறவர்களைவிட இவர்களை நினைத்துத்தான் மனம் பொறுக்கவில்லை.

முழுச் சிக்கலில் இருப்பது நடுவில் மாட்டிய குடும்பம். அப்பா ஃபிட்டர், அம்மா கடையில் காஷியர், இருவர் சம்பளமும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும்; ஆனால் வீட்டுக் கடனும் பாட்டியின் மருந்தும் போக மிச்சமில்லை. 3,50,000 முதல் 6,00,000 ராண்ட் வரையுள்ள குடும்பங்களுக்கு 2024இல் அரசு கடன் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, அதில் 70 சதவீதம் அறிவியல், பொறியியல் துறைகளுக்கு. ஆனால் அது கடன். இக்குடும்பங்களுக்கென்றே உள்ள இகுசாசா நிதித் திட்டத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். சங்கப் பணத்தால் இவர்களுக்குச் செய்யக்கூடிய உருப்படியான காரியம், முதல் பதிவுத் தொகையில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகக் கணக்கில் நேரடியாகக் கட்டுவது. பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். வீட்டில் மின்கட்டண பாக்கி நிற்கும்போது அந்தப் பணம் அதற்குப் போவது இயல்புதான்.

ரோபோட்டிக்ஸ், அறிவியல் மன்றம்

ரோபோட்டிக்ஸ் கிட் வாங்க ஒரு கம்பெனி பணம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சங்கத்தின் சொந்தப் பணத்தைப் போடாதீர்கள். முதல் ஆண்டில் கேபிள்கள் தொலையும், இரண்டாம் ஆண்டில் சார்ஜர், மூன்றாம் ஆண்டில் சொல்லித்தந்த இளைஞருக்கு ஜொஹன்னஸ்பர்க்கில் வேலை கிடைக்கும். அலமாரி பூட்டியபடி நிற்கும்.

பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஆய்வுகளைக் காட்டும் எஸ்கோம் இளம் விஞ்ஞானிகள் கண்காட்சி வேறு கதை. 1980 முதல் நடக்கிறது, கொஞ்சப் பணம் போதும், பிள்ளை தன் கேள்வியைத் தானே கேட்டு அளந்து பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் கலங்கல் மழைக்குப் பின் எத்தனை நாளில் தெளிகிறது என்பது போன்ற கேள்வியே போதும். பிப்ரவரியில் கேள்வி, மார்ச்சில் திட்டம், ஜூலைக்குள் அளவீடு முடிய வேண்டும். மனிதர்களையோ விலங்குகளையோ சேர்த்து ஆய்வு செய்தால் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் செய்த நல்ல வேலை கண்காட்சி வாசலிலேயே நிற்கும். கணித ஒலிம்பியாட் போட்டியின் பழைய தாள்களும் அப்படித்தான், இலவசமாகக் கிடைக்கும் நல்ல சரக்கு. சனிக்கிழமை வகுப்பின் மேல்பாதிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு கேள்வி கொடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து 10,000 ராண்ட் போதும்.

விண்ணப்ப மேசை

ஆண்டுக்கு 12,000 ராண்டுக்குள் முடியும் வேலை. ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், இணையம், விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குச் சிறு தொகை, பொறுமையான ஒரு அக்கா. குவாசுலு நட்டாலின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். கடைசி நாள் வழக்கமாக செப்டம்பர் 30, புரட்டாசி விரதத்தின் நடுவில். சில துறைகளுக்கு இன்னும் முன்பே. அங்கே விண்ணப்பித்துவிட்டால் என்எஸ்ஃபாஸும் சேர்ந்து போய்விடும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். போகாது, அது தனி விண்ணப்பம்.

மற்றத் தவறுகளும் ஆண்டுதோறும் இவையேதான். பிள்ளையிடம் அடையாள அட்டை இல்லை; 16 வயதில் முதல் அட்டை இலவசம், 10ஆம் கிரேடிலேயே உள்துறை அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். அப்பா எங்கே என்று தெரியாது, அதற்கான பிரமாணப் பத்திரம் இல்லை. சான்றிட்ட நகல்கள் மூன்று மாதத்துக்கு மேல் பழையவை. எல்லாவற்றிலும் மோசமானது தொலைபேசி எண். நண்பனின் எண்ணைக் கொடுத்து விண்ணப்பிப்பான், ஜனவரியில் ரகசியக் குறியீடு அந்த எண்ணுக்குப் போகும், நண்பன் சிம்மை மாற்றியிருப்பான். 11ஆம் கிரேடிலேயே பிள்ளையின் பெயரில் ஒரு எண்ணும் ஒரு மின்னஞ்சலும் தொடங்கி, சங்கப் புத்தகத்தில் குறித்துவையுங்கள். அந்தப் புத்தகத்தைப் பூட்டி வைக்க வேண்டியதும் சட்டப்படி உங்கள் பொறுப்பு.

மேசையில் இருப்பவர் இரண்டு பக்கவழிகளையும் தெரிந்திருக்க வேண்டும். மதிப்பெண் சற்றே குறைந்த, வசதியற்ற பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்குக் குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு 'யுனைட்' என்ற நுழைவுத் திட்டமும், அறிவியல் பட்டத்துக்குத் தனி அடித்தளத் திட்டமும் உண்டு. ஓராண்டு கூடும், ஆனால் உள்ளே போய்விடலாம். கணிதத்தில் 50ஐ ஒட்டி நிற்கும், கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு தெக்வினி கல்லூரி போன்ற தொழிற்கல்லூரியும் தொழிற்பயிற்சியும் நல்ல வழி. சம்பளத்தோடு கற்றுத் தகுதித் தேர்வு எழுதி மின்வேலைக்காரராகவோ ஃபிட்டராகவோ வரலாம். அதைத் தோற்றவர் வழி என்று பேசும் பெரியவர்களை மேசைக்கு அருகில் விடாதீர்கள். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறியவர் மே, ஜூனில் நடக்கும் மறுதேர்வில் கணிதத்தை மட்டும் மீண்டும் எழுதலாம்.

பிரித்துப் பார்த்தால்

1,80,000 ராண்டில் சனிக்கிழமை வகுப்புக்கு 1,09,000. இடைவெளி நிதிக்கு 45,000. 3,000 ராண்ட் வீதம் பதினைந்து பேர், அல்லது சிலருக்குப் பதிவுத் தொகையும் சிலருக்குச் சாப்பாடும். விண்ணப்ப மேசைக்கு 12,000, கண்காட்சிக்கும் ஒலிம்பியாடுக்கும் 10,000, கணக்குத் தணிக்கைக்கும் வங்கிக்கும் 4,000.

பாதிப் பணம்தான் இருக்கிறது என்றால் 8ஆம் கிரேடு வகுப்பை விட்டுவிட்டு 9ஆம் கிரேடை வையுங்கள், மேசையையும் வையுங்கள். பத்தாயிரம்தான் என்றால் மேசை மட்டும். ஒன்றுமே இல்லாத சங்கம்கூட ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூழ் ஊற்றிய பிறகு, 9ஆம் கிரேடுப் பிள்ளைகளின் பெற்றோரை ஹாலில் உட்கார வைத்து அந்தப் பாடத் தேர்வுப் படிவத்தை வரிவரியாக விளக்கலாம். பள்ளிக் கட்டணம் குடும்ப வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முழு விலக்குக் கேட்கலாம் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லுங்கள். கட்டண பாக்கிக்குப் பயந்தே ஆசிரியரைப் பார்க்கப் போகாத பெற்றோர் உண்டு.

சங்கம் பொதுநல அமைப்பாகப் பதிந்து, வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அனுமதி பெற்றிருந்தால், நன்கொடையாளர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். ஊர்க் கடைக்காரர்களிடம் கேட்கப் போகும் முன் அதை முடித்துவிடுங்கள்.

கணக்கு வைக்கும்போது பர்சரி கொடுத்தோர் எண்ணிக்கைக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு முந்தைய பக்கத்தில் இரண்டு எண்களை ஆண்டுதோறும் எழுதுங்கள்: ஜனவரியில் 10ஆம் கிரேடு கணிதத்திலும் பிசிக்கல் சயின்ஸிலும் சேர்ந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர், டிசம்பரில் இரண்டிலும் 50க்கு மேல் வாங்கி அங்கேயே நிற்பவர்கள் எத்தனை பேர்.